காவ்காவ் இங்கிலீஷ் ரீடிங்: ஒரு சீன மாணவியோடு மூன்று வருடம் உட்கார்ந்து பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டீச்சர் இல்லை. திருப்பூர்ப் பக்கம் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம்., அவ்வளவுதான். கணவருக்குத் துணி ஏற்றுமதி வேலை என்பதால் 2019-லிருந்து சீனாவில், ஜெஜியாங் மாகாணத்து ஷாவ்ஷிங் நகரத்தில், கெச்சியாவ் என்ற பகுதியில் இருக்கிறோம். துணிச் சந்தைக்குப் பேர் போன இடம், நம்மூர் வியாபாரிகள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். மேல்மாடியில் வீட்டு ஓனரம்மா. அவர் மகள் 2021 செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளி முதல் வருடம் சேர்ந்தபோது எங்களுக்குள் ஒரு பேச்சு: அவள் என் சீன உச்சரிப்பைத் திருத்துவாள், நான் அவளுடைய இங்கிலீஷ் பாசேஜுக்குத் துணையாக உட்காருவேன். காசு பணம் கிடையாது. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், மற்ற நாளெல்லாம் ராத்திரி பத்து மணி வரை பள்ளியிலேயே படிப்பு.

என்னை அவள் கூப்பிடுவது "ஆயி" என்று. சீனத்தில் அத்தை, சித்தி மாதிரி மரியாதையான சொல். நம் வீட்டுக் குழந்தைகள் அதே சத்தத்தை எதற்கு எழுப்பும் என்பதை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது.

காவ்காவ் என்பது அங்கே கல்லூரிக்குப் போக எழுதும் தேர்வு. (காக்கா கத்துகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் ஜூன் 7, 8 தேதிகளில் அந்தச் சத்தத்துக்கு நாடே வாயை மூடிக்கொள்ளும்.) இங்கிலீஷுக்கு 150 மார்க், இரண்டு மணி நேரம். கேட்டு எழுதுவது 30, படித்துப் புரிவது 50, இடம் நிரப்புவதும் இலக்கணமும் 30, எழுதுவது 40. அந்த ஐம்பதில் நான்கு பாசேஜ், பதினைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2.5 மார்க். மீதி 12.5, ஐந்து வாக்கியம் உருவப்பட்ட ஒரு கட்டுரையில் ஏழு வாக்கியத்திலிருந்து ஐந்தைப் பொறுக்கிப் பொருத்துவது. நான்கு பாசேஜில் முதலாவது விளம்பரம், அறிவிப்பு மாதிரி எளிதாக இருக்கும், இரண்டாவது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கதை, கடைசி ஒன்று அறிவியலோ வாதமோ, பெரியவர்களே இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். எங்கள் முதல் ஞாயிறு அவள் பதினைந்தில் எட்டு சரியாகப் போட்டாள். 37.5-க்கு 20.

முதலில் பிடித்தது வார்த்தை மனப்பாடம் செய்யும் ஆப். பாடத்திட்டத்தில் இருக்கும் பட்டியல் 3000 சொல்தான், ஆனால் பிள்ளைகள் வாயில் வருவது 3500 என்ற பழைய கணக்கு. தினம் 50 சொல், படத்தோடு. அகர வரிசைப் புத்தகங்களில் முதலில் வருவது "அபாண்டன்", கைவிடு என்று அர்த்தம், அதைப் படித்த கையோடு புத்தகத்தையே கைவிடுவார்கள் என்பது அங்கே எல்லாப் பிள்ளைகளும் சொல்லும் ஜோக். இவள் கைவிடவில்லை, எட்டு மாதம் ஒரு நாள் விடாமல் அமுக்கினாள். பலன்? சொல்லைத் தனியாகக் கேட்டால் டக்கென்று சொல்வாள், வாக்கியத்துக்குள் பார்த்தால் தடுமாறுவாள். அவளுக்கு அட்ரஸ் என்றால் முகவரி, பிரச்சினையை அட்ரஸ் செய்தார்கள் என்று வந்ததும் பிரச்சினைக்குக் கடிதம் போட்டார்களா என்று கேட்டாள். ஃபைன் என்றால் நலம், அது அபராதமாக வந்து நிற்கும்போது கதையே தலைகீழ். தெரிந்த சொல் தெரியாத வேஷத்தில் வருவது, இதற்கென்றே அங்கே தனிப் பட்டியல் போட்டு விற்கிறார்கள். ஆப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அடித்தளம் அதுதான், ஆனால் எட்டு மாதத்தில் பதினைந்தில் எட்டு என்பது ஒன்பது ஆனது.

அடுத்தது அகராதிப் பேனா. பள்ளிக்கு போன் கொண்டு போகக் கூடாது என்பதால் இந்தச் சாமான் ரொம்பப் புழக்கம். ஹைலைட்டர் மாதிரி குண்டாக இருக்கும், சொல்லின் மேல் தேய்த்தால் பக்கத்துச் சின்னத் திரையில் சீன அர்த்தம் வரும், சத்தமாகவும் படிக்கும். வாங்கிய வாரம் நானே அசந்துபோனேன். இரண்டு மாதம் கழித்துதான் கவனித்தேன், அவள் கண் வரியில் ஓடவில்லை, பேனா ஓடிய இடத்துக்குப் பின்னாலேயே ஓடியது. ஒரு பாசேஜுக்கு முப்பது தேய்ப்பு. முடித்ததும் என்னம்மா கதை என்றால் ஒன்றும் தெரியாது, முப்பது அர்த்தம் மட்டும் தெரியும். அதுவும் திரையில் முதலில் வருகிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கடைசியில் ஒரு விதி வைத்தோம்: பாசேஜ் முடியும் வரை பேனா என் மடியில், முடிந்த பிறகு ஐந்தே ஐந்து சொல் தேய்க்கலாம், எந்த ஐந்து என்று அவளே முடிவு செய்ய வேண்டும். எதைத் தேய்ப்பது என்று யோசிக்க ஆரம்பித்ததும் பாதிச் சொல் தானாகவே புரிந்துவிடுகிறது, இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையில் மார்க் நகர்ந்தது இங்கேதான்.

இரண்டாம் வருடம் ஒரு மழை நாள். அவள் ஒரு நீள வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்திருந்தாள். எல்லாச் சொல்லும் தெரியும், வாக்கியம் தெரியாது. நான் எளிதாக ஒன்று எழுதிக் காட்டினேன்: "என் ஆசிரியர் நேற்று வாங்கிய புத்தகம்." இதைச் சீனத்தில் சொல்லு என்றேன். "வோ லாவ்ஷி சுவோதியன் மாய் த ஷூ." என், ஆசிரியர், நேற்று, வாங்கு, த, புத்தகம். ஒவ்வொரு சொல்லாகத் தமிழைக் கீழே எழுதிப் பார்த்தோம். அப்படியே அதே வரிசை! நம் "வாங்கிய"வில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த "ய" செய்யும் வேலையை அவர்களுடைய "த" செய்கிறது. சீனத்துக்கும் தமிழுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நம் இரண்டு பேர் மொழியிலும் பெயர்ச்சொல் தன் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வரும், மூட்டை முழுக்கப் பார்த்த பிறகுதான் ஆள் யார் என்று தெரியும். இங்கிலீஷில் ஆள் முதலில் வந்து நிற்பான், மூட்டை பின்னால் வாலாக நீளும், புத்தகம், எது, என் ஆசிரியர் வாங்கினாரே நேற்று, அது. வாலுக்கு அப்புறம்தான் வினைச்சொல் வந்து சேரும். வால் முடிவதற்குள் நமக்குத் தலை மறந்துபோகும். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இந்த வலி நன்றாகத் தெரியும், பத்தாம் வகுப்பில் நானும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து ஒரு பென்சில் வேலை. ஹூ, விச், தட் எங்கே வருகிறதோ அங்கே ஒரு அடைப்பு திற, வால் முடியும் இடத்தில் மூடு, அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிட்டு முதலில் படி. மிஞ்சுகிற எலும்புக்கூடு நாலைந்து சொல்தான் இருக்கும். கஷ்டம் எங்கே வந்தது என்றால், அந்த அடையாளச் சொற்களே இல்லாத வால்களில். "சந்தையில் விற்ற துணி நீலம்" என்பதை இங்கிலீஷில் எழுதினால் "தி கிளாத் சோல்ட் இன் தி மார்க்கெட் வாஸ் ப்ளூ". இவள் சோல்ட் என்றதும் வினைச்சொல் வந்துவிட்டது, துணி என்னமோ விற்றது என்று போய்விடுவாள், அப்புறம் வாஸ் வந்ததும் திருதிருவென்று முழிப்பாள். நமக்கு விற்ற, விற்றது என்று ஓர் எழுத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். சீனத்தில் வினைச்சொல் உருவமே மாறாது, "த"வை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: அந்த மாதிரி இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன "த" எழுதி வைப்பது. இங்கிலீஷ் பாசேஜ் முழுக்கச் சீன எழுத்து புள்ளி புள்ளியாக. ஸ்கூல் டீச்சர் பார்த்துவிட்டு இது என்ன கிறுக்கல் என்று கேட்டாராம். ஆறு மாதத்தில் அந்தப் புள்ளிகள் தானாகக் குறைந்துபோயின. பதினைந்துக்குப் பன்னிரண்டு வந்தது அப்போதுதான்.

மீதி மூன்று கேள்வி வேறு மாதிரி வியாதி. புரிந்துகொண்டு தப்பாகப் போடுவது. அங்கே இதற்கு அழகான பழமொழி ஒன்று உண்டு, ஜாங்குடைய தொப்பியை லீ தலையில் மாட்டுவது. பாசேஜில் தாத்தா படகை விற்க மறுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், மகன் அதைப் பழுது பார்க்கிறான். விடைகளில் ஒன்று, "மகன் படகை விற்க மறுத்தான்." ஒவ்வொரு சொல்லும் பாசேஜில் இருக்கிறது, ஆள் மட்டும் மாறியிருக்கிறான். சரியான விடையோ பாசேஜில் இல்லாத சொற்களால் எழுதப்பட்டிருக்கும், "பெரியவருக்கு அந்தப் பழைய பொருளின் மேல் பற்று" என்பது மாதிரி. இவள் கண் தெரிந்த முகத்தைத் தேடிப் போய் மகனைக் கட்டிக்கொள்ளும். ஒரு மாதம் முழுக்கப் புதுப் பாசேஜ் எதுவுமே செய்யவில்லை, பழைய தாள்களில் சரியான விடையை விட்டுவிட்டு, தப்பான மூன்றும் ஏன் தப்பு என்று அவள் எனக்குச் சீனத்தில் விளக்க வேண்டும். எனக்கும் சீனம் வளர்ந்தது. தப்பு நோட்டு என்று ஒன்றை எல்லாப் பிள்ளைகளும் வைத்திருப்பார்கள், ஆனால் பெரும்பாலும் கேள்வியை வெட்டி ஒட்டி மூன்று கலர் பேனாவில் அலங்காரம் செய்வதோடு சரி. இவள் நோட்டில் கடைசியில் ஒரு வரிதான் இருக்கும்: யார் தொப்பி, யார் தலை.

வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரை படிக்கும் மோகம் பற்றியும் கேட்பீர்கள். வகுப்பில் எல்லோரும் படிக்கிறார்கள் என்று முதல் வருடமே ஆரம்பித்தாள், மூன்று மாதத்தில் நிறுத்தினோம். வரிக்கு ஆறு சொல் தெரியாவிட்டால் அது படிப்பு இல்லை, தண்டனை. மூன்றாம் வருடம் ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று திரும்ப எடுத்தபோது ருசித்தது. காலையில் வகுப்பே சேர்ந்து சத்தமாகப் படிப்பார்கள், அதில் அர்த்தம் ஏறாது, ஆனால் வீட்டில் வால் வரும் இடத்தில் மூச்சு விட்டுப் படித்தால் காது பழகும், இதை நான் முழு மனதோடு சொல்வேன். வட்ட வட்டமாக அச்சடித்த மாதிரி எழுதிப் பழகும் ஹெங்ஷுய் கையெழுத்துக்குச் செலவழித்த நேரம் பற்றிக் கருத்து சொல்ல மாட்டேன், ஓனரம்மா என் நண்பர்.

ஜெஜியாங்கில் இங்கிலீஷை ஜனவரியில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை எழுதலாம், எது அதிகமோ அதுதான் கணக்கு. 2024 ஜனவரியில் 124 வந்தது. கடைசி பாசேஜில் நேரம் போய்விட்டதாம். அதற்குப் பிறகு நான்கு பாசேஜும் பொருத்துவதும் சேர்த்து 35 நிமிடம் என்று மணி வைத்துப் பழகினாள், பொருத்துவதில் மட்டும் "திஸ்", "தே", "ஹௌஎவர்" எதைச் சுட்டுகிறது என்று முன் வாக்கியத்தைப் பார்ப்பது போதுமாக இருந்தது. ஜூனில் 131. விடை வெளியானதும் அவளே சரிபார்த்ததில் பதினைந்தில் பதினான்கு. போன அந்த ஒன்றும் தொப்பிதான், போன் செய்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இப்போது ஹாங்சோவில் கல்லூரி. போகும்போது அகராதிப் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள், அது சீனத்தையும் படித்து இங்கிலீஷில் சொல்லும். கேஸ் பில், லிஃப்ட்டில் ஒட்டிய நோட்டீஸ், சோயா பாட்டில் லேபிள் எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். லீவில் வந்தவள் போன வாரம் லிஃப்ட்டுக்குள் என்னைப் பார்த்துவிட்டு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். நான் ஆறாவதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.