லினக்ஸில் புளூ-ரே பேக்கப்: தட்டு நல்லதுதான், குரோஐசோஎஃப்எஸ்தான் படுத்துகிறது

லினக்ஸ் மெஷினில் புளூ-ரே ரைட்டர் வைத்து பேக்கப் எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

டிரைவை இணைப்பதில் வேலையே இல்லை. செருகியதும் எஸ்ஆர்0 என்ற சாதனப் பெயரில் வந்து நிற்கும். டெபியனில் சிடிராம் குழுவிலும், ஆர்ச்சில் ஆப்டிகல் குழுவிலும் பயனரைச் சேர்த்துவிட்டால் ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாமலே எழுதலாம். யுஎஸ்பி ஸ்லிம் டிரைவ் என்றால் மட்டும் கவனம். படிக்கும்போது சமர்த்தாக இருக்கும். எழுதும்போது லேசருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். பாதியில் கர்னல் லாக்கில் ‘ரீசெட்’ வரி விழுந்தால் தட்டைத் திட்டாதீர்கள், இரண்டு போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒய் கேபிளோ தனி அடாப்டர் உள்ள ஹப்போ போடுங்கள்.

எனக்குத் தீராத எரிச்சல் வேறு இடத்தில். வெற்று பிடி-ஆர் (ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய புளூ-ரே) தட்டைக் கொடுத்ததும், தட்டு எழுதும் கட்டளை நிரலான குரோஐசோஎஃப்எஸ் யாரையும் கேட்காமல் அதை ஃபார்மேட் செய்து, பழுதான பகுதிகளுக்கு மாற்றாக 256 எம்பி ஒதுக்கிவிடும். 25,025,314,816 பைட் தட்டு 24,756,879,360 ஆகச் சுருங்கும். தட்டு நிறைய அளந்து செய்த ஐஎஸ்ஓ (தட்டில் எழுதவேண்டியதை அடக்கிய ஒற்றை ஃபைல்) அதில் ஏறாது. இடம் போனால் போகட்டும். இப்படி ஃபார்மேட் ஆன தட்டில் டிரைவ் எழுதியதையெல்லாம் உடனுக்குடன் படித்துச் சரிபார்ப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 4எக்ஸ் வேகத்தில் 25 நிமிடத்துக்குள் முடிய வேண்டியது முக்கால் மணி நேரம் இழுக்கும். அதையும் பொறுத்தால் கடைசி வரியில் ‘குளோஸ் செஷன் ஃபெயில்டு’! இந்த வகை ஃபார்மேட்டில் செஷனை (ஒரு தடவையில் எழுதிய பகுதியை) அப்படி மூட முடியாது. நிரல் மூடப் பார்க்கிறது, டிரைவ் மறுக்கிறது, அவ்வளவுதான். உள்ளே தரவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பேக்கப்பைத் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? தோல்வி என்று குறித்துவைக்கும், நல்ல தட்டு குப்பைக்குப் போகும்.

நியாயமாகச் சொன்னால், எழுதும்போதே சரிபார்ப்பது கெட்ட யோசனை இல்லை. கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். நிறுத்த வழி இருக்கிறது: ‘யூஸ் த ஃபோர்ஸ் லூக்’ ஆப்ஷனில் ஸ்பேர்:நன் என்று கொடுக்க வேண்டும். அந்த வகை ஆப்ஷன்களை ‘ஆவணப்படுத்தாதவை’ என்று மேனுவல் பக்கமே சொல்லிக்கொள்கிறது. நல்ல மேனுவல்!

எக்ஸாரிசோ என்ற இன்னொரு தட்டு எழுதும் நிரலில் இந்தத் தொல்லை இல்லை. வெற்று பிடி-ஆரைத் தானாக ஃபார்மேட் செய்யாது. ‘ஃபார் பேக்கப்’ கொடுத்தால் ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்), எம்டி5 (சரிபார்ப்பு எண்) எல்லாம் தட்டிலேயே பதிவாகும். வருடம் கழித்தும் எந்த ஃபைல் கெட்டது என்று அதுவே பெயரோடு சொல்லும். அடுத்த செஷனில் மாறிய ஃபைல்களை மட்டும் சேர்க்கலாம்.

எதில் எழுதினாலும், சரிபார்க்கும் முன் தட்டை வெளியே தள்ளித் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் கர்னல் பழைய அளவையே பிடித்துக்கொண்டு நிற்கும். தட்டை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் படிப்பதானால், ஐசோசைஸ் கட்டளை சொல்லும் பிளாக் எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். அதைத் தாண்டிப் போனால் செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தாமல் வீண் பயம்.

எழுதி முடித்த தட்டை ரான்சம்வேரும் தொட முடியாது, தவறி அடித்த ஆர்எம் (ஃபைலை அழிக்கும்) கட்டளையும் தொட முடியாது. இவ்வளவு நல்லதையும் சொல்லிவிட்டு நண்பருக்கு என் பதில்: வேண்டாம். 1 டெராபைட்டுக்கு 40 தட்டு. ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பெயர் எழுதி வைப்பது யார்? இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். புகைப்படம், கணக்கு வழக்கு என்று 100 ஜிபிக்குள் அடங்குமானால் மட்டும் எக்ஸாரிசோவோடு தாராளமாக இறங்கலாம்.