ஒற்றை எஞ்சினில் திரும்பி வருவது: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாக ரிமோட்டில் பறக்கும் ஒரே இரட்டை எஞ்சின் மாடல் விமானத்தைத்தான் பறக்கவிடுகிறேன். இறக்கை 180 செ.மீ. முதல் நான்கு வருடம் இரண்டு 46 அளவு (0.46 கன அங்குலம்) க்ளோ எஞ்சின்கள், அதாவது எரிபொருளில் ஓடும் சிறு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் சுமார் 7.5 சிசி. பிறகு மின்மோட்டாருக்கு மாறினேன். இதுவரை வானத்தில் ஒரு பக்கம் நின்றுபோனது ஒன்பது தடவை: க்ளோவில் எட்டு, மோட்டாரில் ஒன்று. இரண்டு தடவை விமானம் தரையில் குத்தியது. இரண்டுமே முதல் வருடத்தில்.

முதல் விழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. டேக்-ஆஃப் ஆகி இருபதடி உயரம் இருக்கும். முழு த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு), மூக்கு நன்றாகத் தூக்கியிருந்தது. இடது எஞ்சின் நின்றது. மூக்கு இடப்பக்கம் இழுத்தது, இடது இறக்கை சாய்ந்தது, என் கை தானாக வலது எய்லரானைக் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை) கொடுத்தது. அங்கேதான் கெட்டது. அப்படிக் கொடுத்தால் இடது இறக்கையின் எய்லரான் கீழே இறங்கும். ஏற்கெனவே வேகம் செத்த இறக்கை அது. காற்றின் இழுவை இன்னும் கூடி, ஸ்டாலும் (இறக்கை தூக்கும் பலத்தை இழப்பது) அங்கேதான் முதலில் வரும். அப்படியே புரண்டு முதுகடியாக விழுந்தது. எல்லாம் இரண்டு விநாடி.

ரட்டரால் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) தடுத்திருக்க முடியாதா என்று கேட்கலாம். ரட்டரின் பலம் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் பலம் கால்வாசிதான். புரொப்பல்லரின் இழுப்போ, வேகம் குறைந்த நேரத்தில்தான் அதிகம். ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, முழு ரட்டர் கொடுத்தாலும் ஒற்றை எஞ்சினின் முழு இழுப்பைச் சமாளிக்க முடியாது. அந்த நேரத்தில் கை முதலில் போகவேண்டியது த்ராட்டிலுக்கு, அதுவும் கீழே. இழுப்பைக் குறைத்தால் திருகலும் நிற்கும். மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்த்து, ரட்டரால் நேர்ப்படுத்தி, பிறகு தேவையான அளவு மட்டும் த்ராட்டிலைக் கூட்டலாம். உயரம் இல்லையென்றால் எதிரே இருக்கும் புல்லிலேயே இறக்கிவிடுவேன். லேண்டிங் கியர் வளைந்தால் வளையட்டும்.

இரண்டு புரொப்பல்லரும் பின்னாலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றினால், இடது எஞ்சின் நிற்பதுதான் மோசம். மூக்கு தூக்கிய நிலையில் கீழே இறங்கும் பிளேடு, அதாவது வலப்பக்க பிளேடு, அதிகம் இழுக்கும். அதனால் வலது எஞ்சினின் இழுப்பு விமானத்தின் நடுவிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. இது தெரிந்த பிறகு, இரண்டில் எது ஒழுங்காக ஓடுகிறதோ அதை இடப்பக்கம் மாட்டினேன்.

கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். இரண்டும் ஓடும்போது ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) கொஞ்சம் முன்பின் இருப்பதால் 'வூம்... வூம்...' என்று ஓர் அலை கேட்கும். அது நின்று ஒரே சீரான சத்தமானால், ஒன்று போய்விட்டது. எது என்று யோசிக்காமல் த்ராட்டிலைக் குறைக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் அலை கேட்கிறதே என்பதற்காக அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று மெதுவாக ஓடும் எஞ்சினின் நீடிலை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இறுக்கக்கூடாது. என் இரண்டாவது விழுகைக்கு அதுதான் காரணம்: எரிபொருள் குறைந்து, சூடேறி நின்றது. அதன் பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டி, டேக்கோமீட்டரில் (சுற்று வேகம் காட்டும் கருவி) உச்சம் பார்த்து, அங்கிருந்து 300, 400 ஆர்.பி.எம். குறையும்வரை நீடிலைத் திறந்துவிடுவேன். மூக்கை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தும் தடுமாறக்கூடாது. வேகமாக ஓடும் எஞ்சினை மெதுவாக ஓடுவதன் அளவுக்கு இறக்குவதே வழி.

ரட்டருக்கு கைரோ (திரும்பலை உணர்ந்து தானாகத் திருத்தும் கருவி) வைத்தது நல்ல செலவு. ரேட் மோடில் (திரும்பும் வேகத்தை மட்டும் தணிப்பது) மட்டும். ஹெடிங் ஹோல்டில் (மூக்கின் திசையையே பிடித்து வைப்பது) ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எஞ்சின் நின்றதை அது நமக்குக் காட்டாமலேயே ரட்டரைத் தள்ளிக்கொண்டு போகும். ரட்டர் இனி திரும்ப முடியாத எல்லையைத் தொட்ட பிறகுதான் நமக்கே தெரியவரும்.

மின்மோட்டாருக்கு மாறியதும் கவலை குறைந்தது, தீரவில்லை. அந்த ஒரே தடவை, மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஒன்றின் சால்டர் விட்டுப்போனது. இரண்டு ஈ.எஸ்.சி.யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) ஒரே பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. தனித்தனி பேட்டரி போட்டால் எது முதலில் வடிகிறதோ அந்தப் பக்கம் வெட்டிவிடும்.

மோட்டாரில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ரிமோட்டில் ஒரு ஸ்விட்ச் இடது மோட்டாரை நிறுத்தும், இன்னொன்று வலதை. நல்ல உயரத்தில் இருக்கும்போது பக்கத்தில் நிற்கும் நண்பரை, எது என்று சொல்லாமல் ஒன்றைத் தட்டச் சொல்வேன். போன வாரம் தட்டினார். கட்டைவிரல் த்ராட்டிலை இழுத்த பிறகுதான் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். இடது.