குன்னூர் நூல் கடையும் மொசைக் சால்வையும்

கம்பளி நூல் வாங்க ஊட்டிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரை எழுதவில்லை. தனி ஆளாகக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்.

அவர் டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் காட்ட மாட்டார். "வெளிய வாம்மா, பகல்ல பாரு" என்று உருண்டைகளோடு வாசலுக்கு வந்துவிடுவார். மொசைக், அதாவது இரண்டு நிற நூலை மாற்றி மாற்றிக் கோலம் எடுக்கும் ஊசிப் பின்னல், பின்னுபவர்களுக்கு இதுவே பாதி வேலை. இரண்டு நிறமும் அழகாக இருந்தால் போதாது. ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி என்று பளிச்செனப் பிரிய வேண்டும். நான் கேட்ட பாசிப்பச்சையையும் பழுப்பையும் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தோம். இரண்டும் ஒரே சாம்பல். அதைப் பின்னினால் கோலமே தெரியாது.

கடைசியில் வெள்ளை, கறுப்பு, ஓரத்துக்குச் சிவப்பு. நீலகிரிப் பழங்குடிகளான தோடரின் எம்பிராய்டரி பார்த்துப் பழகிய கண், வேறு என்ன கேட்கும்? துணியின் இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் அந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கோலத்தை மெஷினில் அச்சடித்து 'தோடா சால்வை' என்று விற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான். நான் எடுத்துக்கொண்டது நிறத்தை மட்டும்.

மொசைக் பார்க்கத்தான் மிரட்டும். கையில் எப்போதும் ஒரே நூல். கறுப்பில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை; அப்புறம் வெள்ளையில் அதே மாதிரி. மற்ற நிறம் தெரிய வேண்டிய இடத்தில், கீழே இருக்கும் கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு நகர்த்தினால் போதும். திரும்பும் வரிசைக்குக் கோலப் படமே தேவையில்லை: பின்னியதைப் பின்னு, நகர்த்தியதை நகர்த்து. சீரியல் பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம். ஒரே வரிசையில் இரண்டு நிற நூலையும் சேர்த்துப் பின்னும் ஃபேர் ஐல் மாதிரி பின்பக்கம் நீள நீளமாக நூல் ஓடி மோதிரத்தில் மாட்டாது என்பதால், இரண்டு பக்கமும் தெரியும் சால்வைக்கு இதுதான் சரி.

ஆனால் நகர்த்திய கண்ணிகள் துணியை மேலே இழுத்துக் குறுக்கும். நூல் கூடுதலாகவே வாங்க வேண்டும். பெரியவர் ஸ்வெட்டர் கணக்கில் குறைத்துச் சொன்னார். நான் அதிகம் கேட்டதும், ஒரே லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்டதில்) எடுத்துக் கொடுத்து, பிரிக்காத உருண்டையைத் திருப்பித் தரலாம் என்றார். சொன்னபடி வாங்கியும் கொண்டார்.

குறை அந்தச் சிவப்பில். லேபிளில் சாயம் போகாது என்று இருந்தது. முதல் அலசலிலேயே ஓரத்து வெள்ளை ரோஸ் ஆகிவிட்டது. கொண்டுபோய்க் காட்டினேன். "கம்பெனிக்காரன்கிட்டச் சொல்றேன்மா" என்பதோடு சரி, காசு வரவில்லை. அங்கே அடர்ந்த நிறம் எடுத்தால், ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுப் பின்னத் தொடங்குங்கள். வெள்ளையும் கறுப்பும் தாராளமாக வாங்கலாம். இரண்டு ஊசியை வளையும் கம்பியால் இணைத்த சர்க்குலர் ஊசி அங்கே வேண்டாம்: கம்பி சேரும் இடத்தில் கண்ணி மாட்டுகிறது. ஐப்பசி மழையில் போனால் வாசல் வெளிச்சமும் கிடைக்காது, வெயிலுள்ள நாளாகப் பாருங்கள்.