சாலையில் அடிபட்டால்: விக்காவா, வழக்கா, கையெழுத்தா?

சிங்கப்பூரில் சாலை விபத்தில் காயப்பட்டவர் இழப்பீடு கேட்கப் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று, வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். தொழிலாளர் விடுதிகளில் அதை 'விக்கா' (WICA) என்றால்தான் புரியும். மற்றது, மோதியவர் மேல் நீதிமன்றத்தில் வழக்கு. எதில் காசு அதிகம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தப்பு யார் மேல், அதைக் காட்ட உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

முதலில் யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று பார்ப்போம். வேலை நிமித்தமாகப் போய் அடிபட்டவருக்கு விக்கா உண்டு. விடுதியிலிருந்து சைட்டுக்குக் கம்பெனி லாரியில் போகும்போது நடந்த விபத்தும் இதில் சேரும். அதே ஆள் பஸ் பிடித்து வேலைக்குப் போகையில் அடிபட்டால் பொதுவாகச் சேராது. 2025 ஜனவரி முதல் உணவு விநியோகம் செய்பவர்கள் போன்ற இணையத்தளத் தொழிலாளர்களுக்கும் இதே அளவு பாதுகாப்பு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தபோது கார் மோதியவருக்கு வழக்கை விட்டால் வேறு வழியில்லை.

லாரியின் பின்தட்டில் ஏறிப் போகும் தொழிலாளர்களின் நிலைமை தனி. அங்கே சீட் பெல்ட் கிடையாது. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில், ஆட்களை ஏற்றிச் சென்ற லாரி நின்றிருந்த டிப்பர் மேல் மோதி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023 ஜனவரியில் மழைத் திரை, ஓட்டுநர் அசராமல் பார்த்துக்கொள்ள ஒரு துணையாள் என்றெல்லாம் விதிகள் வந்தன. தட்டில் ஆள் ஏற்றுவது மட்டும் நிற்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு விக்காவின் பெரிய பலம், தப்பு யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது. ஓட்டுநர் கண்ணயர்ந்தாரா, எதிர்வண்டி குறுக்கே வந்ததா என்று எதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டாம். வக்கீலும் கட்டாயமில்லை. எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சம்பளம் வரும்: வெளிநோயாளியாக 14 நாள், மருத்துவமனையில் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, முழு நிரந்தர ஊனத்துக்கு 346,000 வெள்ளி வரை, மரணத்துக்கு 269,000 வெள்ளி வரை.

உச்சவரம்பைப் பார்த்து மயங்க வேண்டாம். ஊனத் தொகை என்பது மாதச் சராசரிச் சம்பளம், வயதுக்கான பெருக்கெண், ஊன விழுக்காடு மூன்றையும் பெருக்கி வருவது. 30 வயது, மாதம் 1,000 வெள்ளி, கையில் 20 விழுக்காடு ஊனம் என்று வைத்துக்கொள்வோம். 40 வயது வரை பெருக்கெண் 181. ஆக 36,200 வெள்ளி. அவர் பட்ட வலிக்கும் வேதனைக்கும் இதில் ஒரு காசு கிடையாது.

அந்த வலிக்குக் காசு தருவது நீதிமன்றம். எதிர்கால மருத்துவச் செலவு, வருமான இழப்பு எல்லாவற்றையும் விக்கா போல உச்சவரம்பு வைக்காமல் அது கணக்கில் எடுக்கும். சாலை விபத்து வழக்கென்றால் 500,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கும். ஆனால் இங்கே எதிராளியின் கவனக்குறைவை நீங்கள்தான் காட்ட வேண்டும். உங்கள் கவனக்குறைவையும் அவர்கள் கிளறுவார்கள். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், பச்சை மனிதன் (நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு) எரியும்போதே கடந்தவரை டாக்சி மோதியது. சாலையைக் கவனிக்காமல் நடந்தார் என்று அவர் மேலும் 15 விழுக்காடு பொறுப்பைப் பெரும்பான்மைத் தீர்ப்பு சுமத்தியது. பச்சை மனிதன் எரிகையில் வண்டிகளும் வலப்பக்கம் திரும்ப விடும் சந்திப்புகள் இன்னும் இருப்பதால் இது வெறும் ஏட்டு விஷயமில்லை. கடக்கும் இடத்துக்கு 50 மீட்டருக்குள் குறுக்கே பாய்ந்து அடிபட்டவரின் பங்கு இன்னும் ஏறும்.

வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இன்னொரு இடியும் உண்டு. எதிர்கால வருமானத்தைக் கணக்கிடும்போது, இங்கே இன்னும் சில ஆண்டுகள், பிறகு ஊர்ச் சம்பளம் என்று நீதிமன்றம் பிரித்துப் பார்ப்பதுண்டு. வழக்குப் போட்டால் மூட்டையாகப் பணம் என்று டீக்கடையில் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

செலவும் இடிக்கும். வரும் தொகையில் இத்தனை பர்சன்ட் என்று பேசி விபத்து வழக்கை எடுக்க இங்கே வக்கீலுக்கு அனுமதி இல்லை. மருத்துவமனை வாசலில் அப்படிப் பேசி ஆள் பிடிப்பவரை ஓரங்கட்டுங்கள். அரசின் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், அதுவும் வருமானம் பார்த்து.

மூன்றாவதாக ஒரு வழியும் சத்தமில்லாமல் நடக்கிறது. கம்பெனியோ காப்பீட்டு ஆளோ ஒரு தாளை நீட்டி, 'தம்பி, இதுல ஒரு சைன் போடுங்க, நாளைக்கே காசு' என்பார்கள். தாளின் அடியில் இதுவே முழு, இறுதித் தீர்வு என்று ஒரு வரி இருக்கும். அரைகுறை ஆங்கிலத்தில் படித்துக் கையெழுத்திட்ட பிறகு கால் மடங்காமல் போனாலும் மீண்டும் கேட்பது பெரும்பாடு. எலும்பு கூடி மருத்துவர் ஊன விழுக்காட்டைச் சொல்லும்வரை இந்தத் தாளைத் தொடாதீர்கள். சின்னச் சிராய்ப்பு என்றால் வாங்கிக்கொண்டு போகலாம், தப்பில்லை.

லாரியில் போனவர் முதலில் விக்காவில் பதிய வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் கெடு ஓராண்டு, வழக்குக்கு மூன்றாண்டு. இரண்டு பக்கமும் காசு வாங்க முடியாது. விக்கா தொகையை ஏற்றுக்கொண்டால் வழக்குக்கு இடமில்லை. ஆகவே தொகைக் கடிதம் வந்ததும் ஆட்சேபிக்க இருக்கும் 14 நாளுக்குள் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். காயம் பெரிது, தப்பு முழுக்க வேறொரு வண்டியுடையது, கேமராப் பதிவும் இருக்கிறது என்றால் வழக்குப் பக்கம் சாயலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் விக்காவோடு நின்றுவிடுவேன்.

நடந்துபோனவருக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, ஆதாரம் சேர்ப்பதுதான் வேலை. மோதியது கார் என்றால் காயத்துக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம், பணம் தர ஆள் இருக்கும். மின்ஸ்கூட்டர் என்றால் பெரும்பாலும் ஓட்டியவரின் சட்டைப்பைதான், அதில் என்ன இருக்கும்? போலிஸ் புகாரை உடனே கொடுங்கள், பின்னால் நின்ற வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் டேஷ்கேம் பதிவு சில நாட்களிலேயே மேலெழுதப்பட்டுப் போய்விடும்.