அண்ணா யுனிவர்சிட்டி சீட் என்றார்கள், ஓ.டி.பி. அவர்கள் போனுக்குப் போனது

அக்கா மகள் போன வருஷம் பிளஸ் டூ முடித்தாள். பாலக்கோடு பக்கத்தில் கிராமம். ஆறாம் வகுப்பிலிருந்து கடைசி வரைக்கும் அரசுப் பள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வரியை வைத்து அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியதைத்தான் நாங்கள் விட்டோம்.

ரிசல்ட் வந்த அன்று நான் ஓசூரில் ஷிப்டில் இருந்தேன். கணக்கு 78, இயற்பியல் 74, வேதியியல் 81 என்று போனில் சொன்னாள். இன்ஜினியரிங் கட் ஆஃப் கணக்கு எனக்குத் தெரியும்: கணக்கு மார்க் முழுசாக, மற்ற இரண்டிலும் பாதி பாதி. 78, 37, 40.5. ஆக 200க்கு 155.5. கேன்டீனில் டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டேன். நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் படித்ததில்லை. நான் ஐ.டி.ஐ. அத்தான் தக்காளி போடுகிறார். அதனால் கூட வேலை செய்கிறவர் ஒருவர் "தர்மபுரியில ஒரு கன்சல்டன்சி இருக்கு, எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க" என்று சொன்னதும் நிம்மதியாக இருந்தது. அடுத்த லீவில் பாப்பாவையும் அக்காவையும் நானே கூட்டிப் போனேன். அக்கா போகச் சொல்லவில்லை, அத்தானும் சொல்லவில்லை. கூட்டிப் போனது நான்.

மாடியில் ஏ.சி. போட்ட சின்ன ரூம். சுவர் முழுக்கக் கல்லூரிப் படங்கள். மஞ்சப்பையில் சர்டிபிகேட்டோடு எங்களுக்கு முன்னால் நான்கைந்து குடும்பம். எங்கள் முறை வந்ததும் அங்கிருந்தவர் 155.5 என்று நான் சொன்னதைக் காதில் வாங்காமல் மறுபடி கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். பிறகு, "பாப்பாவுக்கு அண்ணா யுனிவர்சிட்டியிலேயே போட்டுடலாம்ண்ணா" என்றார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த "அண்ணா யுனிவர்சிட்டி சீட்" என்ற வார்த்தையை நீங்கள் எங்கே கேட்டாலும் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரிகள் என்றால் சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரி, அதே வளாகத்தில் ஏ.சி. டெக், கட்டடக்கலைப் பள்ளி, அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே கேட்கிற பிரிவு கிடைக்க 155 எல்லாம் போதாது. ஆனால் தமிழ்நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் அதே பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. பொட்டல் காட்டில் ஆள் வராத கல்லூரியில் படித்தாலும் பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். அவர் சொன்னது பொய் இல்லை. நாங்கள் கிண்டியை நினைத்துக்கொண்டோம், அவர் திருத்தவில்லை. அவ்வளவுதான்.

அடுத்தது "கவுன்சிலிங்ல வரலன்னாலும் மேனேஜ்மென்ட் கோட்டால வாங்கிடலாம்" என்றார். இது மட்டும் சுத்தப் பொய். அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலும் சரி, நம் செட்டிக்கரை, பர்கூர் மாதிரி அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் சரி, மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்றே கிடையாது. அது தனியார் கல்லூரியில் மட்டும். அப்படி வாங்கினால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கிடையாது, அது கவுன்சிலிங்கில் வருகிறவர்களுக்குத்தான். "அதுவும் உண்டுண்ணா" என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

விண்ணப்பத்துக்கு 2,000 வாங்கினார்கள். அரசுக்குக் கட்ட வேண்டியது 500, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. அட்வான்ஸ் என்று 25,000, ஜி பேயில், ஒரு தனி ஆள் நம்பருக்கு. சீல் இல்லாத வெள்ளைச் சீட்டில் "சர்வீஸ்" என்று எழுதிக் கொடுத்தார்கள். டி.சி., பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இரண்டின் ஒரிஜினலையும் "ஸ்கேன் பண்ணி அப்லோடு பண்ணிட்டு தர்றோம்" என்று வாங்கி ஒரு நீலக் கவரில் போட்டார்கள். கவர் மேல் பாப்பா பெயரும் 155.5ம் எழுதி, அதே மாதிரிக் கவர்கள் அடுக்கியிருந்த ரேக்கில் செருகினார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஒரே நிமிஷத்தில் நடந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் மொபைல் நம்பர் கேட்டான். பாப்பா தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாள். "வேணாம்மா, எங்க நம்பரே போட்டுக்கறோம். ஓ.டி.பி. வர்றப்ப எல்லாம் உன்னைக் கூப்பிட்டுட்டு இருக்க முடியாது" என்றான். அவள் பாதி நம்பரில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சரி என்பது போலத் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பு 25,000 ரூபாயைவிட அதிகம் செலவு வைத்தது.

ஜூன் மாதம். பாப்பா தானாகவே ஒன்று செய்து வைத்திருந்தாள், எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சொல்லிக் கொடுக்க, அரசு கலைக் கல்லூரிக்கும் தன் போனிலேயே விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 50 ரூபாய். அங்கிருந்து கலந்தாய்வுக்கு வரச் சொல்லி அவள் போனுக்கே மெசேஜ் வந்தது. டி.சி. ஒரிஜினலோடு வர வேண்டும். கன்சல்டன்சிக்குப் போன் போட்டால் "சார் வெளியூர்ல", மறுநாள் "சாவி சார்கிட்ட", மூன்றாம் நாள் அவரே எடுத்து, "அங்க போய்ச் சேர்ந்தா இங்க கேன்சல் ஆயிடும்ண்ணா, பாத்துக்கங்க" என்றார். அப்படி எந்த விதியும் இல்லை, இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். எனக்கு அப்போது தெரியாது. பயந்து விட்டுவிட்டோம்.

ஜூலையில் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் பாப்பாவின் வகுப்புத் தோழியின் அம்மா அக்காவிடம் கேட்டிருக்கிறார்: "உன் பொண்ணுக்கு எங்கக்கா போட்டாங்க? எங்க பொண்ணுக்கு பர்கூர் கவர்ன்மென்ட் காலேஜ்." அந்தப் பெண்ணுக்கு நம் பாப்பாவைவிட ஆறு மார்க் குறைவு.

அரசுப் பள்ளியிலேயே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020ல் மருத்துவத்துக்குக் கொண்டு வந்தார்கள், 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் சட்டம் வந்தது. கலந்தாய்வில் இவர்களுக்கென்று தனியாக இடங்கள் ஒதுக்குவார்கள். சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசு கட்டும். இதை நான் கன்சல்டன்சிக்காரரிடம் கேட்டபோது, "அதுல நல்ல காலேஜ் வராதுண்ணா. பொதுவுல ரெண்டாவது ரவுண்டு வரட்டும்" என்றார். நம்ப வேண்டும் என்ற ஆசையில் நம்பினேன். இருபத்தைந்தாயிரம் கொடுத்த கை வேறு என்ன செய்யும்?

இரண்டாவது ரவுண்டும் வந்தது. எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், நாமக்கல் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "கங்கிராஜுலேஷன்ஸ் சார், உங்க சீட் கன்ஃபார்ம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டிடுங்க" என்றார். ஹாஸ்டலோடு அவர் சொன்ன தொகைக்கு அத்தான் இரண்டு வருஷம் தக்காளி நல்ல விலைக்கு விற்க வேண்டும். பாலக்கோட்டில் தக்காளி விலை எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய் அந்த மாடி ரூமிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் இல்லை. மதியம் வரை நாங்கள் நகராததால், கம்ப்யூட்டர் பையன் பாவப்பட்டோ பயந்தோ பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். அவர்கள் கடைப் பெயர், பின்னால் 123. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவேதான் போலிருக்கிறது.

மாடிப் படியில் உட்கார்ந்து பாப்பா தன் போனில் திறந்தாள். விருப்பப் பட்டியலில் நான்கே நான்கு கல்லூரிகள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. அவள் வகுப்பில் ஒருத்தி எண்பதுக்கு மேல் போட்டிருந்தாளாம். இவளுக்கு நான்கு, நான்கும் தனியார், நான்கின் படமும் அந்த ரூம் சுவரில் இருந்தவை. செட்டிக்கரை இல்லை, பர்கூர் இல்லை, சேலம் அரசுக் கல்லூரி இல்லை. ஒதுக்கீடு வந்ததும் "ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்" என்பதையும் அவர்களே அழுத்தியிருந்தார்கள். மேலே வேறு விருப்பம் கிடைத்தால் மாறுகிறேன் என்று சொல்லவும் வழி இருக்கிறது. அதை யார் அழுத்துவார்கள், கமிஷன் போய்விடுமே. விண்ணப்பத்தில் 7.5 சதவீதக் கேள்விக்கு "இல்லை". முதல் பட்டதாரிக்கும் "இல்லை".

வேண்டுமென்றே செய்தார்களா, ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பம் போடுகிற அவசரத்தில் விட்டார்களா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தவறிய ஒவ்வொன்றும் அவர்கள் பக்கமாகவே தவறியிருந்தது.

அங்கிருந்து நேராகச் செட்டிக்கரை. அரசுப் பொறியியல் கல்லூரியில் டி.எஃப்.சி. என்கிற உதவி மையம் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பர்கூரில். விண்ணப்பம் போடுவதிலிருந்து சான்றிதழ் சரிபார்ப்பு வரை அங்கேயே உட்கார வைத்துச் செய்து தருவார்கள், சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு ரூபாய் கிடையாது. அங்கிருந்த மேடம் விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தரவரிசைப் பட்டியல் வந்தப்பவே வந்திருந்தா குறை சொல்றதுக்குன்னு நாள் குடுத்திருந்தோமே. மெசேஜ் வந்திருக்குமேம்மா?" என்று பாப்பாவைக் கேட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மெசேஜ் வந்துதான் இருக்கிறது, அந்த மாடி ரூமுக்கு.

தனியார் கல்லூரியில் சேரவில்லை என்று முடிவு செய்த பிறகு சர்டிபிகேட்டைக் கேட்டோம். "பாக்கி 15,000 குடுத்துட்டு வாங்கிக்கங்க" என்றார். (இன்னமும் எனக்கு "அவர்" என்றுதான் எழுத வருகிறது. அக்கா வேறு வார்த்தை சொல்கிறாள்.) மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்க வழி உண்டு, டி.சி.க்கு அவ்வளவு லேசில் கிடையாது, அது அவருக்கும் தெரியும். கல்லூரியே பிள்ளைகளின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே சொல்லிவிட்டது. இடைத்தரகர் எந்தக் கணக்கில் பிடித்து வைக்கிறார்? போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். அந்த ரசீதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கும் வருகிறேன் என்று எழுதினேன். சனிக்கிழமை சாயந்திரமே நீலக் கவர் கைக்கு வந்தது. பணம் வரவில்லை. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பாப்பா இப்போது தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். காலியிடத்துக்குக் கூப்பிட்டபோது டி.சி. கையில் இருந்ததால் அன்றைக்கே சேர்த்துவிட்டோம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. பி.எஸ்சி. முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் கலந்தாய்வு இருக்கிறது என்று அவளே தேடிக் கண்டுபிடித்து வந்து சொன்னாள். பாலிடெக்னிக் பிள்ளைகள் டிப்ளமோ முடித்துப் போகிற அதே வழி. "அதுக்கு நானே அப்ளை பண்ணிக்கறேன் மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இந்த வருஷம் ரிசல்ட் வருகிற வாரத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்கா தெருவில் மட்டும் மூன்று பிள்ளைகள் பிளஸ் டூ எழுதுகிறார்கள். மூவரையும் செட்டிக்கரைக்குக் கூட்டிப் போகிறேன். ரெண்டு பேரிடம் போன் இருக்கிறது. மூன்றாவது பையனுக்கு அவன் அப்பா பெயரில் ஒரு சிம் வாங்க வேண்டும்.