எல்.கே.ஜி. பெட்டி: 650 ரூபாய்க்குத் தேறுமா?

ஜூனில் பையன் எல்.கே.ஜி. போகிறான். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில், பள்ளிக்குத் தயார் செய்யும் விளையாட்டுப் பெட்டி என்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. 2021-லிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம், பார்த்து வாங்குங்கள்.

நாடா கோர்க்கும் மரப்பலகைதான் இதில் உருப்படி. யானை வடிவம், சுற்றிலும் 12 ஓட்டை. முதல் நாள் மொத்த நாடாவையும் ஒரே ஓட்டையில் திணித்தான். பத்து நாளில், நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, மேலே கீழே என்று முழுச் சுற்றும் வந்துவிட்டான். ஆனால் நாடா நுனி பிளாஸ்டிக் மூன்றாம் நாளே கழன்றது. மெழுகில் தோய்த்துச் சமாளித்தேன். கடையில் கேட்டால், "குழந்தை இழுத்திருக்கும்க்கா" என்கிறார். குழந்தைக்குத்தானே விற்றீர்கள்?

எண்ணுவதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் மணிகளை அவன் சீந்தவே இல்லை. மாமியார் புளிக்குக் கொட்டை எடுக்க உட்கார்ந்தபோது இவனும் ஒட்டிக்கொண்டான். "ஆயாவுக்கு அஞ்சு கொட்டை குடு சாமி" என்று அவர் கேட்க, இவன் ஒவ்வொன்றாக விரல் நுனியில் பொறுக்கி வைத்தான். பென்சில் பிடிக்க வேண்டிய விரல் பழக்கம் அதிலேயே வந்துவிடுகிறது. (எதையும் வாயில் போடும் வயசு என்றால் கொட்டை வேண்டாம்.)

ராகி மாவு உருட்டுவது, பொத்தான் போடுவது, டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறப்பது, இதெல்லாம் பெட்டியில் இல்லை. மூடிதான் எங்கள் வீட்டில் இன்னும் தகராறு.

பலகையை மட்டும் தனியாக விற்றால் 150 ரூபாய் கொடுப்பேன். மூன்று ஸ்டார்.