பாரி/ஜிபி: பெரிய பகா எண்களோடு பழக நல்ல மென்பொருள்

எண் கோட்பாடு நடத்தும் எனக்கு நாள்தோறும் கைகொடுப்பது பாரி/ஜிபி. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி கோஹனும் சக கணிதர்களும் உருவாக்கிய இலவச மென்பொருள். பட்டன், மெனு ஒன்றும் கிடையாது. திறந்தால் சில வரி அறிமுகமும், கட்டளை தட்டுவதற்கான ஒரு கேள்விக்குறியும் மட்டும் இருக்கும். மிரண்டு மூடிவிடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் எண் 2¹²⁷−1. முழுதாக எழுதினால் 170141183460469231731687303715884105727, மொத்தம் 39 இலக்கம். இது பகா எண் என்று 1876இல் கையாலேயே கணக்குப் போட்டு நிறுவினார் கணிதர் எதுவார் லூக்கா. 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. அவர் வழியில் பின்னால் லேமர் என்ற கணிதர் எளிதாக்கித் தந்த சோதனையை ஜிபியில் ஒரே வரியில் எழுதலாம்: 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, 2¹²⁷−1ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி 125 முறை செய்தால் முடிவில் 0 வரவேண்டும். எண்டர் தட்டிய உடனே வருகிறது!

அதோடு நிறுத்தாதீர்கள். அந்த எண்ணில் ஒன்றைக் கழித்துக் காரணிப்படுத்துங்கள். 2, 3³, 7², 19, 43, 73, 127, 337 என்று போய் 77158673929இல் முடியும். அந்த வரிசையில் 127 இருப்பதற்குக் காரணம் உண்டு. 2¹²⁷ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. அதைவிடச் சிறிய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அப்படி முதலில் 1 தரும் அடுக்கு, பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணை வகுத்தே ஆகவேண்டும். பாடத்தில் படித்த தேற்றம் கண்ணெதிரே வேலை செய்வதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் நேர்மை. 'பகா எண் போலத் தெரிகிறது' என்பதற்கு ஒரு கட்டளை, 'பகா எண்தான், நிரூபணம் உண்டு' என்பதற்கு வேறொரு கட்டளை. முதலாவது படுவேகம், 2⁶⁴க்குக் கீழே அது தவறவே தவறாது. அதற்கு மேலும் அதை ஏமாற்றிய பகு எண் இதுவரை அகப்படவில்லை. ஆனாலும் அதை நிரூபணம் என்று இந்த மென்பொருள் சொல்லிக்கொள்வதில்லை. பிரைம்செர்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால், நீள்வட்ட வளைவுகள் எனப்படும் ஒருவகைச் சமன்பாட்டு வளைவுகளை வைத்துச் சான்றிதழே எழுதித் தரும். அதை இன்னொருவர் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

2024இல் கண்டுபிடிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 போன்றவற்றுக்கு இது சரிப்படாது. அதற்கென்றே பிரைம்95 என்ற வேறொரு மென்பொருள் இருக்கிறது.

நிறுவாமலே பிரவுசரில் முயன்று பார்க்க அவர்கள் தளத்திலேயே வசதி உண்டு. 2⁶⁷−1ஐக் கொடுத்துப் பாருங்கள். 1644இல் மெர்சென் என்ற கணிதர் பகா எண்கள் பட்டியலில் சேர்த்தது; 1903இல் கோல் என்ற கணிதர் காரணிகளாக உடைத்துக் காட்டியது. 193707721 × 761838257287 என்று நொடியில் பிரித்துக் கொடுக்கும்.